ஆளுக்கு ஒரு கை

முதல் கூட்டத்தில்
புல்லைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
ஆட்டுக்கு ஒரு வோட்டா
ஆளுக்கு ஒரு வோட்டா
என்பதிலேயே பொழுது சாய்ந்தது.
எண்பத்திரண்டு உருப்படி வைத்திருக்கும் தீர்த்தகிரி
"எனக்கு வாய் அதிகம்,
கையும் அதிகமா இருக்கணும்" என்றார்.
மூன்று வெள்ளாட்டுக்காரி சாலம்மா
கடலை உரித்தபடியே சொன்னாள்:
"அப்போ புழுக்கையையும் எண்ணிக்குங்க."
சிரிப்பு அடங்க நேரமானது.
ஆளுக்கு ஒரு கை என்று
நான் நோட்டில் எழுதும்போது
உரக்கடை கொடுத்த பேனா
பாதியில் நின்றது.

பென்னாகரத்துக்கு மேற்கே
ஒட்டுப்பாறைக் கொட்டாய்க்குப் பின்னால்
நூற்றுப்பத்து ஏக்கர் கரடு.
எந்தப் பட்டாவிலும் அது இல்லை.
அதனாலேயே
முந்தி எழுந்தவனுடையதாக இருந்தது.
இருட்டோடு பட்டி திறந்தவன் ஆட்டுக்குப் புல்,
பிந்தி வந்த ஆட்டுக்கு வேர்.
சாலம்மாவின் கிடா
பாலிதீன் தின்று வயிறூதிச் செத்த வருஷம்தான்
கூட்டம் என்று ஒன்று கூடியது.

நாலு பாகமாகப் பிரித்தோம்.
கற்களுக்குச் சுண்ணாம்பு அடிக்க மூன்று நாள்,
உண்ணிச்செடி பிடுங்க இரண்டு மாதம்.
என் முழங்கையில் இன்னும் அந்த முள்ளின் கோடு.
ஆடி பிறந்ததும்
கிழக்குச் சரிவை அடைத்தோம்.
வேலி எங்கே என்று கேட்டார் கால்நடை டாக்டர்.
வேலி ஏது?
அடைத்தோம் என்றால்
கார்த்திகையில் விதை உதிரும்வரை
அந்தப் பக்கம் போகமாட்டேன் என்று
ஒருவர் மூஞ்சியைப் பார்த்து ஒருவர் சொன்னோம்.
அவ்வளவுதான்.

ஆடு வெள்ளைக்கல்லை அறியாது.
கொழுக்கட்டைப்புல் வாசத்தை அறியும்.
புரட்டாசியிலும் மழை ஏய்த்தது.
திறந்த மூன்று பக்கமும்
சவரம் செய்த தலைபோல் ஆக
அந்தப் பக்கம் மட்டும் கணுக்கால் உயரம்,
பச்சை என்று சொல்லிவிட முடியாத ஒரு பச்சை.

அன்று காவல் முறை எனக்கும்
தீர்த்தகிரி மருமகள் பொன்னுருவிக்கும்.
நடுச்சாமத்தில் கேட்டது மணிச்சத்தம் அல்ல.
அசைபோடாமல் அவசரமாய்க் கடிக்கும் சத்தம்.
டார்ச் அடித்தாள்.
பதினாலு ஜோடிக் கண்.
கழுத்து மணிகளில் துணி அடைத்திருந்தது.
என் பழைய ரவிக்கைத் துணி.
ஆடுகளுக்கு நடுவில்
என் வீட்டுக்காரர் மாதையன்,
பீடியைக் கையால் மறைத்துக்கொண்டு.

பொன்னுருவி டார்ச்சை அணைத்தாள்.
"நான் பார்க்கலக்கா" என்றாள்.
அந்த இருட்டில்
நான் கொஞ்ச நேரம் நின்றேன்.

உருப்படிக்கு ஐம்பது, மொத்தம் எழுநூறு.
என் வீட்டுப் பெயரை எழுதும்போது மட்டும்
கையெழுத்து கோணிக்கொண்டது.
பாதியாகக் குறைக்கலாம் என்று
முதலில் கை தூக்கியவர் தீர்த்தகிரி.
நாளைக்குத் தனக்கும் வரும் என்று
கணக்குப் போட்டிருக்கலாம்,
நிஜமாகவே இரங்கியும் இருக்கலாம்.
கூடாது என்று கை தூக்கினாள்
போன மாதம் என் வீட்டில்
கேழ்வரகு கடன் வாங்கிய சாலம்மா.
"எனக்கு அந்தச் சரிவை விட்டா
வேற காடில்ல, தாயி."
பதினொன்றுக்குப் பதினொன்று.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
கை இவ்வளவு கனக்கும் என்று
தண்ணீர் சுமந்தபோதுகூடத் தெரியவில்லை.

ஒரு குட்டி சந்தைக்குப் போனது.
எழுநூறு ரூபாய்க்கும்
குடற்புழு மருந்து வாங்கி
ஊர் ஆடுகள் எல்லாவற்றுக்கும் ஊற்றினோம்.
எங்கள் மிச்சம் பதின்மூன்றும்
வரிசையில் நின்று குடித்துத் தும்மின.
மாதையன் தை வரைக்கும்
என்னிடம் சோறு போடு என்றுகூடக் கேட்கவில்லை,
தானே போட்டுக்கொண்டார்.

மார்கழியில் சரிவைத் திறந்தோம்.
பாதிதான் புல். மீதி ஊசிப்புல்,
கம்பளியில் குத்திக்கொண்டு வரும் சனியன்.
ஆனாலும் உள்ளே ஒரு முயல் ஓட
கிழவரும் பிள்ளையும் ஒன்றாகக் கத்தினார்கள்.
பன்னிரண்டு நாள், அதற்குமேல் இல்லை.
வெள்ளைக்கல் பக்கத்தில் நின்று
ஒவ்வொரு ஆடாக எண்ணி உள்ளே விட
யாரும் சொல்லாமலே போய் நின்றவர் மாதையன்.
என் பக்கம் திரும்பாமல்
எண்ணிக்கையை மட்டும் உரக்கச் சொன்னார்.
நான் எழுதிக்கொண்டேன்.

அடுத்த கூட்டம் கூடியதும்
தீர்த்தகிரி தொண்டையைக் கனைத்தார்:
"ஆட்டுக்கு ஒரு வோட்டுன்னு
நான் அப்பவே சொன்னேன்."
சாலம்மா கடலைப் பையை அவிழ்த்தாள்.
நான்
புதுப் பேனா வாங்கியிருந்தேன்.